பிள்ளைக்கும் பொலிஸுக்கும் நடுவில் நிற்கும் சட்டம்: ஒரு சிறு வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வரலாறு படிப்பிக்கிற ஒருவன் எழுதுவதால் ஆண்டுகளும் சட்டங்களும் நிறைய வரும். ஆனாலும் பொறுமையாக வாசியுங்கள். பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தேவையான விஷயம்.

பெற்றோர் கூட்டங்களில் போதைப்பொருள் பற்றிய பேச்சு எடுத்தால் போதும், கூட்டம் முடிந்த பிறகு இரண்டு மூன்று பேர் தனியாக வந்து கேட்பார்கள். "சேர், பொலிஸ் வந்து பிள்ளைய ஏத்திட்டுப் போனா எத்தன மணித்தியாலம் வெச்சிருக்கலாம்?" "பொம்புளப் பிள்ளையிட பேக்க ஆம்புளப் பொலிஸ் செக் பண்ணலாமா?" "ஸ்டேஷனுக்குள்ள எங்கள விடுவாங்களா?" கேட்கிறவர்களின் குரலில் இருப்பது சந்தேகத்தை விடப் பயம்தான். பக்கத்தில் நிற்பவர் சொல்லும் பதிலும் பயத்திலிருந்துதான் வரும்: "அவங்க நெனச்சா என்னவும் செய்வாங்க."

அப்படி இல்லை. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்குச் சட்டத்தில் எல்லை இருக்கிறது. அந்த எல்லை ஒரே நாளில் போடப்பட்டதல்ல. ஏறக்குறைய 140 வருடங்களில் துண்டு துண்டாகப் போடப்பட்டது. சில இடங்களில் பலமாக இருக்கிறது, சில இடங்களில் ஓட்டை. ஓட்டை எங்கே என்று தெரிந்தால்தான் நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.

*1883: எத்தனை வயதில் "குற்றவாளி"?*

முதல் எல்லை வயது. ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன்படி 8 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமல்ல. 8 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, தான் செய்ததையும் அதன் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். 8 வயது என்றால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை. பெருக்கல் வாய்ப்பாடு பாடமாக்குகிற வயது. அந்த வயதிலிருந்து ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம் என்ற சட்டத்தோடு இந்த நாடு 135 வருடங்கள் இருந்தது. சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, அந்த எண் மாறவில்லை. 2018இல்தான் திருத்தினார்கள். இன்று 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் முதிர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆறாம் ஆண்டில் படிக்கிற 11 வயதுப் பிள்ளையைப் பொலிஸ் "சந்தேகநபர்" என்று கூட்டிக்கொண்டு போக வந்தால், முதலில் சொல்ல வேண்டியது பிள்ளையின் பிறந்த திகதியைத்தான். பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது நல்லது.

*1895: பொலிஸிடம் சொன்னது செல்லாது*

இரண்டாவது எல்லையின் கதை சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. 1855இல் அங்கே ஒரு விசாரணைக் குழு கூடி, வரி அறவிடுபவர்களும் பொலிஸ் வேலை பார்த்தவர்களும் ஏழை மக்களைச் சித்திரவதை செய்வதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அடித்து ஒப்புக்கொள்ள வைப்பது அன்றைக்குச் சர்வசாதாரணம். 1861இல் இந்தியச் சட்டத்துக்குள் ஒரு விதி நுழைந்தது: பொலிஸ் அதிகாரியிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பாவிக்க முடியாது. 1872இல் அது இந்தியச் சான்றுச் சட்டத்தில் இடம்பிடித்தது. 1895இல் எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக இங்கேயும் வந்தது.

இந்த விதியின் அறிவு பெரியது. "அடிக்காதே" என்று மட்டும் சட்டம் எழுதினால் அடிக்கிறவன் அடித்துக்கொண்டே இருப்பான். அடித்து எடுத்தது எதற்கும் உதவாது என்று எழுதினால் அடிப்பதில் இலாபம் இல்லாமல் போகும். முழுதாகப் போய்விடவில்லைதான். சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருளோடு தொடர்பான பகுதியை மட்டும் எடுக்கலாம் என்று 27ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் பயந்துபோய் "ஓம், நான்தான்" என்று சொன்ன ஒரு பிள்ளையை, அந்த வார்த்தையை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் பொது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுவரில்தான் பின்னாளில் ஒரு கதவு வெட்டப்பட்டது.

*1939: பிள்ளைக்கென்று முதல் சட்டம்*

இங்கிலாந்தில் 1908இல் சிறுவர் நீதிமன்றங்கள் வந்தன. 1933இல் சிறுவர், இளம் ஆட்கள் சட்டம் வந்தது. அதே பெயரில், அதே வழியில், இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பொலிஸின் கையில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அது சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பொலிஸ் நிலையத்திலும், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழியிலும், நீதிமன்றத்தில் காத்திருக்கும்போதும், பிள்ளை குற்றம் சாட்டப்பட்ட பெரியவர்களோடு சேர விடக் கூடாது.

பெண் பிள்ளை என்றால், அந்த நேரம் முழுவதும் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

உடனே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி பிள்ளையைப் பிணையில் விட வேண்டும். விதிவிலக்கு மூன்றுதான்: கொலை போன்ற பாரிய குற்றச்சாட்டு, கெட்டவர்களின் சேர்க்கையிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுக்க வேண்டிய நிலை, விட்டால் நீதி கெட்டுப்போகும் என்று நம்பக் காரணம் இருப்பது.

விடாவிட்டாலும், நீதிமன்றத்துக்குப் போகும்வரை பிள்ளையை வைத்திருக்க வேண்டிய இடம் சிறுவருக்கான தடுப்பு இல்லம். பொலிஸ் கூண்டு அல்ல.

பெற்றோரையோ பாதுகாவலரையோ நீதிமன்றத்துக்கு வரும்படி அறிவிக்க வேண்டும்.

80 வருடங்களுக்கு மேல் பழைய சட்டம். வாசித்தால் இன்றைக்கும் நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டு குறைகளைக் கவனியுங்கள். ஒன்று, அதில் "சிறுவர்" என்றால் 14 வயதுக்குக் கீழ், "இளம் ஆள்" என்றால் 14 முதல் 16 வயதுக்குக் கீழ். சாதாரண தரப் பரீட்சை எழுதிய 16 வயதுப் பிள்ளையும் உயர்தரம் படிக்கிற 17 வயதுப் பிள்ளையும் பல பத்தாண்டுகளாக இந்தச் சட்டத்தின் குடைக்கு வெளியே நின்றார்கள். 18 என்ற எல்லையை நோக்கி நாடு நகர்ந்தது அண்மையில்தான்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. பெற்றோரை *நீதிமன்றத்துக்கு* வரச் சொல்கிறது சட்டம். பொலிஸ் நிலையத்தில் பிள்ளையிடம் *கேள்வி கேட்கும்போது* பெற்றோர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் தெளிவான வரி இல்லை.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும்? எங்களுக்குச் சட்டம் தந்த இங்கிலாந்திலேயே அது நடந்தது.

*லண்டன், 1972*

1972 ஏப்ரல் 22ஆம் திகதி தென்கிழக்கு லண்டனில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. அணைக்கப் போனவர்கள் உள்ளே ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடப்பதைக் கண்டார்கள். சில நாட்களில் மூன்று பேரைப் பொலிஸ் பிடித்தது. ஒருவனுக்கு வயது 18, ஆனால் மனவளர்ச்சி ஒரு சின்னப் பிள்ளையின் அளவு. மற்றவனுக்கு 15. மூன்றாமவன் 14 வயது, சைப்ரஸைச் சேர்ந்த துருக்கிக் குடும்பத்துப் பையன்.

விசாரணையின்போது மூவரின் பக்கத்திலும் பெற்றோரோ வேறு பெரியவரோ இருக்கவில்லை. மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பெற்றோர் வந்து சேர்ந்தது கேள்விகள் முடிந்த பிறகு, வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கும் கட்டத்தில். அந்த நாட்களிலும் அங்கே ஒரு வழிகாட்டல் இருந்தது: சிறுவர்களை "இயலுமானவரை" பெற்றோர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். ஆனால் அது சட்டமல்ல, அறிவுரை. "இயலுமானவரை" என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் சாட்டாகிப் போனது.

1972 நவம்பரில் மூவருக்கும் தண்டனை கிடைத்தது. இறந்தவர் இறந்த நேரமும் அந்த வாக்குமூலங்கள் சொன்ன கதையும் பொருந்தவில்லை. குடும்பங்கள் விடாமல் போராடின. 1975 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. அதற்குள் மூன்று வருடங்கள் போய்விட்டன. 14 வயதில் பிடிபட்டவன் 17 வயதை அடைந்துவிட்டான்.

இங்கிலாந்து அத்தோடு விடவில்லை. சேர் ஹென்றி ஃபிஷர் தலைமையில் ஒரு விசாரணை நடந்து 1977இல் அறிக்கை வந்தது. அதன் பிறகு ஓர் அரச ஆணைக்குழு, 1981இல் அதன் அறிக்கை. கடைசியில் 1984இல் பொலிஸ், குற்றவியல் சான்றுச் சட்டம். அதோடு வந்த கோவையின்படி, மிக அவசரமான சில சந்தர்ப்பங்கள் தவிர, ஒரு பிள்ளையைப் பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்க முடியாது. அவர் பெற்றோராக இருக்கலாம், சமூக சேவை உத்தியோகத்தராக இருக்கலாம், பொலிஸோடு தொடர்பில்லாத வேறு ஒருவராக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பது அவர் வேலையல்ல. பிள்ளைக்குக் கேள்வி விளங்குகிறதா, விசாரணை நியாயமாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அங்கேயும் 17 வயதினர் வெளியே விடப்பட்டிருந்தார்கள். 2013இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புதான் அவர்களை உள்ளே எடுத்தது.

ஆக, அவர்களின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் நாங்கள் 1939இல் எழுதிக்கொண்டோம். 1984இல் அவர்கள் எடுத்து வைத்த அடுத்த அடியை நாங்கள் அதேபோல் எடுத்து வைக்கவில்லை. அவர்கள் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்தார்கள். எங்களிடம் இருந்தது 1895ஆம் ஆண்டுச் சுவர் மட்டும்: பொலிஸிடம் சொன்னது செல்லாது.

*1979: ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்*

1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, சட்டத்தின்படி அல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும், நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முழுதாகத் தடை செய்கிறது. அடுத்த வருடம், 1979இல், குற்றவியல் நடவடிக்கைக் கோவை வந்தது. பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கான நேரடிப் பதில் அதில்தான் இருக்கிறது. கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் அதில் சேராது. பெண்ணைச் சோதனையிடுவதென்றால் இன்னொரு பெண்தான், அதுவும் மானத்துக்குக் குறைவு வராமல், சோதிக்க வேண்டும். போதைப்பொருள் போன்ற சந்தேகங்களில் நீதிமன்ற ஆணை இல்லாமலே சோதிக்கும் அதிகாரம் பொலிஸுக்கு இருக்கிறது. ஆனால் அப்போதும் இந்த வரம்பு மாறாது.

அதே 1979இல் இன்னொரு சட்டமும் வந்தது: பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் இலக்கத்தைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். சிறுவர் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். நாற்பது வருட இடைவெளியில் ஒரே இலக்கம். தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் நெஞ்சு கனக்கும்.

முதலாவது 48, பிள்ளையைப் பிணையில் விடு என்கிறது. இரண்டாவது 48, 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம் என்கிறது. அமைச்சரின் கட்டளை இருந்தால் மூன்று மூன்று மாதமாக 18 மாதம்வரை வைத்திருக்கலாம் என்றது. முதலாவது, பிள்ளையைப் பெரியவர்களிடமிருந்து பிரிக்கச் சொல்கிறது. இரண்டாவதில் பிள்ளை என்றொரு வகையே இல்லை. 14 வயதும் 40 வயதும் அதற்கு ஒன்று. எல்லாவற்றையும் விடப் பெரியது அதன் 16ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கலாம். அது பலவந்தமாக எடுக்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். 1895ஆம் ஆண்டுச் சுவரில் வெட்டப்பட்ட கதவு இதுதான்.

மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. முதலில் அதன் சூட்டை உணர்ந்தது வடக்குக் கிழக்கின் தமிழ்ப் பிள்ளைகள். வாலிபம் எட்டிய பையன் வீட்டில் இருந்தாலே உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் நித்திரை இல்லாத காலம். 1987 முதல் 1990 வரை தெற்கில் சிங்களப் பிள்ளைகளின் முறை.

அந்தக் காலத்திலிருந்து ஆசிரியர்களாகிய நாங்கள் மறக்கக் கூடாத ஒரு பெயர் எம்பிலிப்பிட்டி. 1989, 1990 காலப்பகுதியில் அங்கே 20க்கும் மேற்பட்ட பாடசாலை மாணவர்கள் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டுக் காணாமல் போனார்கள். வழக்கு இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தில் நடந்து 1999 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது, பத்து வருடச் சிறைத் தண்டனை பெற்றவர்களில் இராணுவத்தினரோடு ஒரு பாடசாலை அதிபரும் இருந்தார். பிள்ளையின் பக்கத்தில் நிற்க வேண்டிய பெரியவரே மறுபக்கம் போய் நின்ற வழக்கு அது. எந்த ஊர்ப் பிள்ளைகள், எந்த மொழி பேசிய பிள்ளைகள் என்று பார்க்காமல் எல்லா ஆசிரியர் கலாசாலைகளிலும் படிப்பிக்க வேண்டிய வழக்கு.

*1991க்குப் பிறகு*

1991 ஜூலையில் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 37ஆம் உறுப்புரை சொல்வது: பிள்ளையைக் கைது செய்வதும் தடுத்து வைப்பதும் கடைசி வழியாக மட்டும் இருக்க வேண்டும், அதுவும் மிகக் குறைந்த காலத்துக்கு. 1994இல் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளைக்கு, இல்லாவிட்டால் பெரும் அநீதி நடக்கும் என்றால், அரச செலவில் சட்ட உதவி பெறும் உரிமையைக் கொடுத்தது. பிள்ளையின் நலனே முதன்மை என்றும் எழுதியது. 2012ஆம் ஆண்டு விதிகள், சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து தன் கட்சிக்காரருக்காக ஆஜராவதற்கு வழி செய்தன.

தாளில் எல்லாம் நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் 2019 ஏப்ரல் 21.

அந்தக் குண்டுகளில் பலியான பிள்ளைகளை மறந்துவிட்டு இந்தப் பதிவை எழுத முடியாது. தேவாலயத்துக்குப் போன பிள்ளைகள் அவர்கள். குற்றவாளிகளைத் தேடுவது பொலிஸின் கடமை, அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை அவசரகாலச் சட்டம் இருந்தது. மே மாதத்தில் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, நாடு முழுவதும் பெற்றோரும் ஆசிரியர்களுமே வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் சமூகத்தில் வீட்டில் குர்ஆன் தப்ஸீர் வைத்திருப்பதற்கே பயந்த நாட்கள் அவை.

2020இல் விஷயம் பிள்ளைகளிடமே வந்தது. ஒரு சட்டத்தரணி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான வழக்கில், புத்தளத்தில் படித்த சிறுவர்களைக் குற்றப் புலனாய்வு அதிகாரிகள் விசாரித்தார்கள். புகைப்படங்களைக் காட்டி, தாங்கள் அறியாததைச் சொல்லும்படி பிள்ளைகள் வற்புறுத்தப்பட்டதாகக் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தன. அந்தப் பிள்ளைகள் சந்தேகநபர்கள்கூட அல்ல, சாட்சிகளாக விசாரிக்கப்பட்டவர்கள். நான் இங்கே கவனிப்பது அந்தப் பெற்றோர் செய்ததை. பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க எல்லாக் காரணமும் அவர்களுக்கு இருந்தது. இருந்தும் பிள்ளையின் பெயரால் நாட்டின் அதிஉயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள்.

2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது. 18 மாதம் 12 மாதமானது. சட்டத்தரணியைச் சந்திக்கும் வழியும் எழுதப்பட்டது. வாக்குமூலத்தை ஏற்கும் 16ஆம் பிரிவில் அந்தத் திருத்தம் கை வைக்கவில்லை.

*பாடசாலை வாசல்*

இனி ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில், லண்டன் ஹக்னியில் ஒரு பாடசாலையில், 15 வயதுக் கறுப்பினப் பெண் பிள்ளை ஒருத்தியிடம் கஞ்சா மணக்கிறது என்று சந்தேகப்பட்டு, பாடசாலையே பொலிஸைக் கூப்பிட்டது. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளையை வெளியே எடுத்து, ஓர் அறையில் பெண் பொலிஸார் ஆடை களைந்து சோதித்தார்கள். மாதவிடாய்க் காலம். பெற்றோருக்குச் சொல்லவில்லை. பொறுப்பான பெரியவர் எவரும் உள்ளே இல்லை. ஆசிரியர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. 2022இல் அறிக்கை வெளியானபோது அந்த நாடே கொந்தளித்தது. சோதித்தவர்கள் பெண்கள் என்பதால் மட்டும் அது சரியாகிவிடவில்லை.

1984ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த நாட்டிலேயே இது நடந்தது. காரணம், சட்டம் உட்கார வைத்த நாற்காலியில் அன்றைக்கு யாரும் உட்காரவில்லை. எங்கள் நாட்டில் அந்த நாற்காலியைச் சட்டம் இன்னும் ஒழுங்காகப் போடவே இல்லை. அதனால் எங்கள் பொறுப்பு கூடுதல்.

சில பாடசாலைகளில் "எங்களுக்கு ஏன் வம்பு" என்று, பொலிஸ் கேட்டவுடன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. பாடசாலை நேரத்தில் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும் நாங்கள்தான். பெற்றோர் வரும்வரை பிள்ளையை அதிபர் அறையில் பக்கத்தில் வைத்துக்கொள்வதும், போகத்தான் வேண்டும் என்றால் ஓர் ஆசிரியர் கூடவே போவதும் பொலிஸின் கடமைக்கு இடைஞ்சல் அல்ல. மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலான அதிகாரிகள் ஏற்றுக்கொள்வார்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்.

*பெற்றோர் ஞாபகத்தில் வைக்க*

சத்தம் போட வேண்டாம், தடுக்க வேண்டாம், ஓடச் சொல்ல வேண்டாம். அமைதியாகக் கேளுங்கள்: அதிகாரியின் பெயர் என்ன, எந்தப் பொலிஸ் நிலையம், என்ன காரணம், பிள்ளை சந்தேகநபரா சாட்சியா. பிள்ளையைக் கொண்டுபோன நேரத்தை எழுதி வையுங்கள். 24 மணித்தியாலம் அதிலிருந்துதான் ஓடுகிறது.

கூடவே போங்கள். உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நில்லுங்கள். பெண் பிள்ளை என்றால் பெண் அதிகாரி இருக்கிறாரா என்று கேளுங்கள். பிள்ளையைப் பெரியவர்களோடு ஒரே கூண்டில் வைக்க வேண்டாம் என்றும், பிணையில் விடும்படியும் பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். அது சலுகை அல்ல, 1939ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம்.

விளங்காத மொழியில் எழுதிய எதிலும் பிள்ளையோ நீங்களோ கையெழுத்து வைக்க வேண்டாம். வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தக் கேளுங்கள். சட்டத்தரணிக்கு வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி 1929. மனித உரிமைகள் ஆணைக்குழு 1996.

அநியாயம் நடந்திருந்தால் நாள் கடத்த வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்குச் சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. "பெருநாள் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்து உரிமையை இழந்தவர்கள் உண்டு.

பிள்ளை பிழை செய்திருந்தாலும் இதெல்லாம் பொருந்தும். பிழை செய்த பிள்ளையைத் திருத்துவதற்குத்தான் இந்தச் சட்டங்களை எழுதினார்கள். பிள்ளை தப்பே செய்யாது என்று நினைத்து யாரும் எழுதவில்லை.

இந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்தில், போதைப்பொருள் பேச்சோடு சேர்த்து இதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லி உங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் கேளுங்கள். ஊரில் உள்ள சட்டத்தரணி ஒருவரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தச் சொல்லலாம். நான் சட்டம் படித்தவன் அல்ல. தனிப்பட்ட பிரச்சினை உள்ளவர்கள் அவரிடமே கேட்பதுதான் சரி. அந்த இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் அதிபர் அறைக் கதவில் ஒட்டி வைக்கச் செலவு ஒன்றும் இல்லை.

வஸ்ஸலாம்.